ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்ததும் தெற்கம்மா போனை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் வீடே தலைகீழானாலும் அவள் காதில் விழாது. "அத்தைக்கு டூட்டி ஆரம்பிச்சாச்சு" என்று மருமகள் கிண்டலடிப்பாள். வெறும் கிண்டல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "தெற்கு, லைன்ல இருக்கியா?" என்று அந்தக் குரல் கேட்டால்தான் அவளுக்குப் பொழுது நகரும். கேட்காத நாளில் மருமகளின் சமையலில் உப்பு கூடிவிடும்.

தெற்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பக்கத்துக் குரலுக்கு வடக்கம்மா என்று பெயர். அதுவும் யாரும் ஆசையாக வைத்ததில்லை. இரண்டு பேரும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுத்தவர்கள். ஆற்றுக்குத் தெற்கே ஒரு பகுதி, வடக்கே ஒரு பகுதி. பகுதிக்கு ஒரு அறை, தனித்தனி வண்டிகள், தனித்தனி அதிகாரிகள், தனித்தனி அகம்பாவம். அவசரத்துக்கு என்று எண்ணை அழுத்தினால் அழுத்துகிறவர் எந்தப் பகுதியில் நிற்கிறாரோ அந்த அறையில்தான் மணி அடிக்கும். பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதால் ஊழியர்கள் பெயரைச் சொல்லக்கூடாது, சொந்தக் கதை பேசக்கூடாது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறையைக் கூப்பிட்டால் "தெற்கு பேசறேன்", "வடக்கு, சொல்லுங்க", அத்தோடு சரி. அப்படிச் சொல்லிச் சொல்லியே அது பெயராகிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் மரியாதைக்கு ஒரு அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் பழகியதே சண்டையில்தான். இரண்டு பகுதிக்கும் நடுவில் ஒரு பாலம். எல்லை அந்தப் பாலத்தின் நடுவில் இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ காகிதத்தில் கோடு போட்டு வைத்திருந்தார். காகிதத்தில் கோடு போட்டவருக்கு என்ன, பாலத்தில் விழுகிறவன் கோடு பார்த்தா விழுவான்? ஒரு நாள் ஒருவன் பாலத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டான். எதற்காக விட்டான் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. வடக்கம்மா போன் செய்து அவன் நிற்பது தெற்குப் பகுதியில், வண்டி அனுப்புங்கள் என்றாள். தெற்கம்மா விசாரித்துப் பார்த்துவிட்டு, கால் எங்கள் பக்கம், தலை உங்கள் பக்கம், வலி தலைக்குத்தானே என்று பதில் சொன்னாள்.  அந்தப் பக்கத்திலிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது. பதிவாகும் லைனில் யாரும் அப்படிச் சிரித்து தெற்கம்மா கேட்டதில்லை. கடைசியில் இரண்டு வண்டியும் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கே இருவரும் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்: முதலில் வண்டி, அப்புறம் சண்டை.

சொந்தக் கதை பேசத்தானே கூடாது, வானிலை பேசலாமே என்று கண்டுபிடித்தவள் வடக்கம்மா. "தெற்குல இன்னிக்கு வெயில் எப்படி?" என்று கேட்டால் மேலதிகாரி எரிந்து விழுகிறாரா என்று அர்த்தம். காற்று என்றால் வீண் வம்பு. மழை என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை. பதிவைக் கேட்கிற அதிகாரிக்கு, இந்த இரண்டு பெண்களும் வானிலையில் காட்டும் அக்கறையைப் பார்த்துப் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

கணவர் இறந்து காரியமெல்லாம் முடிந்து தெற்கம்மா வேலைக்குத் திரும்பிய அன்று பகலில் வடக்கு அறையிலிருந்து அழைப்பு வந்தது. விஷயம் ஒன்றுமில்லை. நிலவரம் கேட்கக் கூப்பிட்டதாக வடக்கம்மா சொன்னாள். மழை இன்னும் விடவில்லை என்றாள் தெற்கம்மா. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. "சரி, பேச வேண்டாம். நான் லைன்ல இருக்கேன்" என்றாள் வடக்கம்மா. இரண்டு அறைகளிலும் மற்ற போன்கள் அலறிக்கொண்டிருக்க, அந்த ஒரு லைன் மட்டும் பேச்சில்லாமல் திறந்தே இருந்தது. துக்கம் கேட்க வீட்டுக்கு வந்து போனவர்கள் சொன்ன ஆறுதலெல்லாம் மறந்துபோய்விட்டது. அந்த மௌனம் மட்டும் இன்றுவரை தெற்கம்மாவுக்கு அப்படியே இருக்கிறது.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வேலை பார்த்த காலத்தில் விடுமுறை ஒத்துவரவில்லை. ஓய்வுக்குப் பிறகு சொந்த எண்களை வாங்கிக்கொண்டு தினமும் பேச ஆரம்பித்தார்கள். போட்டோ அனுப்பு என்று மட்டும் இரண்டு பேரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வருகிறேன், மழை முடியட்டும், முட்டிவலி குறையட்டும் என்று பேச்சு தள்ளிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால் தெற்கம்மாவுக்குப் பயம். வடக்கம்மாவின் குரலுக்கு வயதாகவே இல்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டால் அதற்கும் வயதாகிவிடுமோ என்று இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், "முதல்ல விலாசம் சொல்லுங்க" என்று காலமெல்லாம் ஊரையே அதட்டிய பெண்கள் இவர்கள். அழுகிறவனையும் அதட்டுவார்கள், ரத்தம் கொட்டுகிறவனையும் அதட்டுவார்கள். விலாசம் இல்லாமல் வண்டி நகராது என்பது அவர்களுக்கு வேதம். ஆனால் ஒருத்தியின் விலாசத்தை இன்னொருத்தி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை. வடக்கு என்றால் போதாதா?

அன்றைக்கும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. வடக்கம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டே பேசினாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனியாள். இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கொஞ்ச நாள் முன்புதான் வேறொரு மாடி வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். எதிரே ஒரு டிரைவிங் ஸ்கூல். பழகுகிறவர்கள் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அது ஒரு பாட்டுப் பாடுமாம். காலையிலிருந்து அதே பாட்டு, இந்த ஊரில் முன்னால் ஓட்ட யாருமே கற்றுக்கொள்வதில்லை போல என்று அலுத்துக்கொண்டாள். தெற்கம்மா சிரித்தாள். அடுத்த வாக்கியம் வந்தபோது அதில் வார்த்தைகள் ஒழுங்காக இல்லை. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதைப்போலக் குழறியது. விளையாட்டு என்று தெற்கம்மா ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அது என்ன குழறல் என்று தெரிந்துவிட்டது. இப்படி எத்தனை குரல்களைக் கேட்டிருக்கிறாள். நாற்காலி சரியும் சத்தம், போன் தரையில் மோதும் சத்தம், அப்புறம் கனமாக ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"வடக்கு" என்று கூப்பிட்டாள்.  டிரைவிங் ஸ்கூல் கார் மட்டும் தூரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

  தெற்கம்மாவின் வாய் தானாகப் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது. பேச முடியாதவர்கள் அழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு அறைகளிலும் ஒரே வழக்கம்தான்.

"வடக்கு, நான் கேக்கறதுக்கு வாயால பதில் சொல்ல வேண்டாம். கை எட்டினா தட்டு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு. நான் பேசறது கேக்குதா?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தரையில் வளையல் மோதும் சத்தம். ஒன்று.

தெற்கம்மா மருமகளைக் கூப்பிட்ட கூப்பாட்டில், முன்னறையில் துணிக்கடைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவள் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளிடமிருந்து போனைப் பிடுங்கி அவசர எண்ணை அழுத்தினாள் தெற்கம்மா. தன் போனை வைக்கவில்லை. வைத்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்ப எடுக்க யாருமில்லை.

எடுத்தது ஒரு இளம்பெண். தெற்கம்மா உட்கார்ந்திருந்த அதே அறைதான். "முதல்ல விலாசம் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

 விலாசம் தெரியாதும்மா என்றாள் தெற்கம்மா. நோயாளி எங்கே இருக்கிறார் என்று கேட்டாள் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கம். "அப்ப அது எங்க பகுதியில வராதே அம்மா" என்றாள் அவள், பணிவாகத்தான். இந்த வாக்கியத்தை இதே பணிவோடு தெற்கம்மா ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்கிற பக்கத்தில் நின்றால் அது இப்படிச் சுடும் என்று இதுவரை தெரியாது.

அவள் கெஞ்சவும் இல்லை, நான் யார் தெரியுமா என்று ஆரம்பிக்கவும் இல்லை. பக்கவாதம் மாதிரி இருக்கிறது, முகம் ஒரு பக்கம் இழுத்திருக்க வேண்டும், பேச்சு குழறுகிறது, நினைவு இருக்கிறது, தனியாக இருக்கிறாள், என் இன்னொரு காதில் லைனில் இருக்கிறாள் என்று மளமளவென்று சொன்னாள். பெண்ணும் கெட்டிக்காரிதான். திரையில் விலாசம் இல்லாமல் அடுத்த பகுதிக்கு மாற்ற முடியாது, கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது. அதனால் அதை விட்டுவிட்டு நேராக வடக்கு அறைக்கே போன் போட்டு மூவரையும் ஒரே லைனில் சேர்த்துவிடுகிறேன், வைத்துவிடாதீர்கள் என்றாள். நான் எங்கே வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள் தெற்கம்மா.

வடக்கு அறையில் எடுத்தவர் ஒரு ஆண், நடுவயதுக் குரல். விழுந்து கிடப்பது வடக்கம்மா என்று தெற்கம்மா சொல்லி முடித்ததும் அவர், "எங்க வடக்கம்மாவா? நீங்க தெற்கம்மாவா?" என்றார். பக்கத்து மேசையில் பல வருஷம் உட்கார்ந்தவராம். ஆனால் அவரிடம் இருந்ததும் பழைய வீட்டு விலாசம்தான். போன் எங்கிருந்து பேசுகிறது என்று கம்பெனியிடம் கேட்கலாம், ஆனால் பதில் வருவதற்குள் நேரம் ஓடிவிடும். இந்த நோய்க்கு நேரம்தான் மருந்து, உங்களுக்குத் தெரியாததா என்றார். ஒரு வண்டியை ஊருக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டு, அம்மாவைக் கேளுங்கள், நான் இங்கே வரைபடத்தைத் திறக்கிறேன் என்றார்.

இடது காதில் தன் போன், வலது காதில் மருமகளின் போன். டிரைவிங் ஸ்கூல் எதிரே என்று தெற்கம்மா சொன்னாள். எங்கள் பக்கம் மூன்று இருக்கிறதே என்றார் அவர். தண்ணீர்த் தொட்டி பக்கமா என்று கேட்கச் சொன்னார். கேட்டாள். இரண்டு தட்டு. பழைய மார்க்கெட் பக்கமா? இரண்டு தட்டு, இரண்டாவது மெல்ல. ரயில்வே கேட் பக்கமா? பதில் வரவில்லை. தெற்கம்மா மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது ஒரு தட்டு வந்தது. மருமகள் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சைச் சத்தமாக விட்டாள்.

வண்டி திரும்பிவிட்டது, கேட் பக்கம் போக்குவரத்து அதிகம், கொஞ்சம் ஆகும் என்றார் வடக்கு அறைக்காரர். அதுவரை அம்மாவைத் தூங்க விடாதீர்கள்.

தூங்க விடாமல் என்ன பேசுவது? முகம் பார்த்திராத ஒருத்தி, எங்கோ ஒரு தரையில் கிடக்கிறாள். அவள் போய்விட்டால் எந்த முகத்தை நினைத்து அழுவது என்றுகூடத் தெரியாது. அந்த நினைப்பு வந்ததும் தெற்கம்மாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. குரலில் மட்டும் அதைக் காட்டவில்லை. வேலையில் கற்றது அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வம்பு பேச ஆரம்பித்தாள்.

ஒரு மழைக்காலத்தில் வடக்குப் பகுதி வண்டிகள் எல்லாமே வெளியே போயிருந்தபோது, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. தெற்கிலிருந்து வண்டி எல்லை தாண்டிப் போனது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எல்லை தாண்டியதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. நான்தான் கேட்டேன் என்று வடக்கம்மா அங்கே எழுதிக் கொடுத்தாள். கேட்காமலே நான்தான் அனுப்பினேன் என்று தெற்கம்மா இங்கே எழுதிக் கொடுத்தாள். அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு இவர்களுக்குள் இன்னும் முடியவில்லை. பேச வேறு விஷயம் கிடைக்காத நாட்களில் அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

"வடக்கு, இன்னிக்கு ஒத்துக்கோ. நீ கேக்கவே இல்லடி. நானாத்தான் வண்டி அனுப்பினேன். சரியா?"

இரண்டு தட்டு. பட் பட் என்று, கோபத்தோடு.

தெற்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் அந்தக் குழந்தைக்கு உன் பெயரை வைத்திருப்பார்களே, ஏன் வைக்கவில்லை என்றாள். பாலத்துக் கம்பியில் தலை மாட்டினவன் உன்னைப் பெண் கேட்டு வந்தானாமே என்றாள். அதற்கு வளையல் வேக வேகமாகத் தட்டியது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வடக்கம்மா சிரிக்கிறாள் என்று தெற்கம்மாவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாகக் கேட்ட சிரிப்பு, எந்த வேஷத்தில் வந்தாலும் தெரியாதா? கதவோரம் நின்ற மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அத்தையின் டூட்டியைப் பற்றி அன்றைக்கு அப்புறம் அவள் கிண்டலடித்ததில்லை.

எவ்வளவு நேரம் பேசினாள் என்று கேட்டால் தெற்கம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் காலத்து அறை, ஜன்னலோரம் சாய்ந்து விழும் வெயில், சுற்றாமலே சத்தம் போடும் மின்விசிறி, எரிந்து விழும் அதிகாரி, அவர் ஓய்வு பெற்ற அன்று இரண்டு அறைகளிலும் ஒரே நேரத்தில் தெளிந்த வானிலை என்று அறிவித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அதெல்லாம் எவ்வளவு நல்ல காலம் என்று அவளுக்கே உறைத்தது. அடுத்தவர் உயிரை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்ட காலம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாள்.

பதில்கள் தேய்ந்துகொண்டே வந்தன. ஒன்றுக்குப் பதிலாகப் பாதி. அப்புறம் தரையில் கை இழுபடும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

"வடக்கு. லைன்ல இருக்கியா?"

டிரைவிங் ஸ்கூல் கார்கூடப் பாடவில்லை.

அதே நேரம் வலது காதில் வடக்கு அறைக்காரர், வண்டி டிரைவிங் ஸ்கூல் இருக்கும் வீதிக்கு வந்துவிட்டது, ஆனால் எதிர்வரிசை முழுக்க மாடி வீடுகள், எந்த வீடு என்று கேளுங்கள் என்றார். கேட்க ஆளில்லை. தெற்கம்மாவுக்கு ஒரு கணம் எல்லாம் வெறுமையாகிவிட்டது. வீதி வரைக்கும் வந்துவிட்டார்கள், கைக்கெட்டும் தூரம், இப்போது போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பார்களே. புதுசாகக் குடிவந்தவளை அங்கே யாருக்குத் தெரியும்? அப்போதுதான் இடது காதில் மிக மெலிதாக ஒன்று கேட்டது. சைரன். வடக்கம்மாவின் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, தரையில் கிடக்கும் போனுக்குள் புகுந்து, ஆறு தாண்டி அவள் காதுக்கு வந்திருந்தது.

"சைரனை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. வண்டியை மெதுவா உருட்டச் சொல்லுங்க. எனக்குக் கேக்குது, நான் சொல்றேன்" என்றாள்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அப்படியே டிரைவருக்குச் சொன்னார். தெற்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மருமகள் போய் மின்விசிறியை நிறுத்தினாள். வருது என்றாள் தெற்கம்மா. இன்னும் வருது. பக்கத்தில். சத்தம் காதைக் கிழிக்கும் அளவுக்கு ஏறி, அப்புறம் ஒரு இழை குறைந்தது. தாண்டிட்டாங்க, பின்னால வரச் சொல்லுங்க என்றாள். வண்டி பின்னால் வந்தது. நிறுத்துங்க. அங்கேதான்.

சைரன் அடங்கியது. படிக்கட்டில் பூட்ஸ் ஏறும் சத்தம். கதவைத் தட்டும் சத்தம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று யாரோ கத்தினார்கள். தோளால் மோதும் சத்தம் ஒரு முறை, இன்னொரு முறை. மரம் பிளந்தது. அப்புறம் அறைக்குள் ஆட்கள், பெட்டி திறக்கும் ஓசை. மூச்சு இருக்கு, நாடி இருக்கு என்று ஒரு குரல். தெற்கம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ போனைக் கையில் எடுத்தார்கள். லைனில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, நோயாளியின் பெயர் என்ன என்றார் அந்த ஊழியர். தெரியாது என்றாள். அவர் திகைத்திருக்க வேண்டும்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

தெற்கம்மா யோசித்தாள். அக்கா இல்லை, தங்கை இல்லை. சிநேகிதி என்று சொல்லலாம். முகம் தெரியாத சிநேகிதி என்றால் யார் நம்புவார்கள்? இத்தனை வருஷத்தில் இந்த உறவுக்கு ஒரு சொல் தேவைப்பட்டதே இல்லை. "நான் தெற்கு" என்றாள் கடைசியில். அந்த ஊழியருக்கு ஒன்றும் புரியவில்லை. வலது காதில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த வடக்கு அறைக்காரர், அது போதும், கிளம்பச் சொல்கிறேன் என்றார். அவர் குரலும் கரகரத்திருந்தது.

பிழைத்துக்கொண்டாள். நேரத்துக்கு வந்துசேர்ந்ததால் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னதாக வெளியூரிலிருந்து வந்த வடக்கம்மாவின் தம்பி போன் செய்து சொன்னார். பெயரையும் சொன்னார். யாரோ முன்பின் தெரியாதவளின் பெயர் போல இருந்தது, தெற்கம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது என்றார். அதற்குப் பிறகு முட்டிவலி, மழை எதையும் தெற்கம்மா எண்ணிப்பார்க்கவில்லை. மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்தைத் தாண்டும்போது எல்லை எங்கே என்று எட்டிப் பார்த்தாள். ஒரு மண்ணும் தெரியவில்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலை நர்ஸ் காட்டினாள். அங்கே ஒரு நெடிய கிழவி படுத்திருந்தாள். நரைத்த கூந்தல், கருத்த கன்னம், ஒரு பக்கம் கோணிய வாய். தெற்கம்மா அவளைப் பார்த்தாள். அவள் தெற்கம்மாவைப் பார்த்தாள்.  வழியெல்லாம் எதை எதையோ பேச வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது ஒன்றுகூட நாக்கில் ஏறவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள், வேறு யாரையோ விசாரிப்பது போல. கட்டிலில் கிடந்தவள் தலையை ஆட்டிவிட்டு, கோணிய வாய் தெரியாமல் போர்வையை மெல்ல மேலே இழுத்துக்கொண்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து தெற்கம்மா பழத்தை எடுத்து வைத்தாள். பழத்தை மறுபடியும் நகர்த்தி வைத்தாள். அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

கொஞ்ச நேரம் கழித்து இதோ வருகிறேன் என்று எழுந்து வராந்தாவுக்குப் போனாள். மருமகள் என்னவென்று கேட்பதற்குள் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். உள்ளே கட்டிலோரம் மணி அடித்தது. ஓயாமல் அடித்தது. அப்புறம் மணி நின்று லைன் திறந்தது.

"வடக்கு, லைன்ல இருக்கியா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. வார்த்தைகள் ஒவ்வொன்றாக, குழறிக் குழறித்தான் வந்தன. ஆனால் குரல் அதேதான். அதற்கு ஒரு நாள்கூட வயது ஏறியிருக்கவில்லை.

"தெற்கு... இப்ப ஒருத்தி வந்தா. குள்ளமா. பழத்தை நகத்தி நகத்தி வெச்சா. யாருடி அவ?"

தெற்கம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"எனக்கும் தெரியலடி. பாவம், உன்னைப் பாக்க ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கா போல. அவளை விடு, நீ சொல்லு" என்றாள்.

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.